கைராசியா, கணக்கா?

உங்கள் வீட்டுப் பரணில் ஒரு பல்லாங்குழி கிடக்கிறதா? இல்லை என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். பித்தளை அண்டாவுக்குப் பின்னால், கொலுப் பெட்டிக்கு அடியில் ஒரு தடவை கையை விட்டுப் பாருங்கள். அகப்பட்டால் தூசியைத் தட்டிக் கூடத்தில் கொண்டு வந்து வையுங்கள். அகப்படாவிட்டாலும் பாதகமில்லை. தரையில் சாக்குக் கட்டியால் வரிசைக்கு ஏழாகப் பதினான்கு வட்டம் போட்டால் போதும். மஞ்சாடியோ, சோழியோ, புளியங்கொட்டையோ எழுபது எண்ணி, குழிக்கு ஐந்தாக நிரப்புங்கள்.

"பல்லாங்குழிதானே! பொழுது போகாத பாட்டிமார் ஆடுவது. கைராசி இருந்தால் முத்து வரும், இல்லாவிட்டால் வராது" என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கல்லூரியில் கணிதம் படித்துப் பட்டம் வாங்கியவள் நான். அந்த நினைப்பைப் போக்கியவர் மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்ட என் மாமியார்!

1974-ஆம் ஆண்டு, கல்யாணமாகிப் புக்ககம் வந்த முதல் கோடை. மாமியாருக்கும் எனக்கும் அதிகப் பேச்சு வார்த்தை கிடையாது. சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. எனக்குப் பேசலாமா என்று தெரியவில்லை. ஒரு நாள் மத்தியானம் அடுக்களை வேலை முடிந்ததும் பல்லாங்குழியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "ஆடத் தெரியுமா?" என்றார். "தெரியும்" என்றேன். தெரியாது என்பது கால் மணி நேரத்தில் தெரிந்துவிட்டது.

ஆட்டம் என்னவோ எளிதுதான். உங்கள் பக்கத்துக் குழி ஒன்றிலிருந்து முத்துக்களை அள்ளி, வலப்புறமாக ஒவ்வொரு குழிக்கும் ஒன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். உங்கள் வரிசை முடிந்தால் எதிர் வரிசை. கை காலியானதும் அடுத்த குழியில் இருப்பதை அள்ளி, மேலே தொடர வேண்டும். அடுத்த குழி வெறுமையாக இருந்தால், அதை விரலால் வழித்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் உள்ளது அத்தனையும் உங்களுக்கு. அடுத்தடுத்து இரண்டு குழி வெறுமையாக இருந்தாலோ, ஒன்றும் கிடையாது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். போட்டுக்கொண்டு போகும்போது ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது 'பசு'. எந்தப் பக்கத்துக் குழியோ அந்தப் பக்கத்தார் எடுத்துக்கொள்வார். இது எங்கள் வீட்டு வழக்கம். வழிக்கும்போது எதிர்க்குழியையும் சேர்த்து எடுப்பவர்களும் உண்டு. ஆட உட்காருமுன் பேசி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பாதி ஆட்டத்தில் சண்டை நிச்சயம்!

முதல் சுற்றில் எனக்கு 23 முத்து, அவருக்கு 47. அடுத்த சுற்றில் என் 23-ஐக் கொண்டு நான்கு குழிதான் நிரப்ப முடிந்தது. நிரம்பாத மூன்று குழிகளிலும் ஆளுக்கொரு ஈர்க்குச்சியைப் போட்டு மூடினார் மாமியார். அந்த மூன்று ஈர்க்குச்சிகள் என்னைக் குத்திய குத்து இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பத்து நாள் தொடர்ந்து தோற்றேன். பதினோராம் நாள், "உங்களுக்குக் கைராசி, அம்மா!" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கிப் போயிற்று.

"கைராசியாவது! எடுக்கிறதுக்கு முன்னாடி, எங்கே போய் நிக்கும்னு நீ பார்க்கிறதே இல்லையே!"

அப்போதுதான் கவனித்தேன். முத்தைத் தொடுமுன் அவர் கண்கள் குழி குழியாகச் சுற்றி வந்துகொண்டிருந்தன. தொட்டு எண்ணக் கூடாது என்பது விதி. ஆகவே எல்லாம் கண் கணக்கு. இதில் தாயக்கட்டை உருட்டுவது இல்லை, மறைத்து வைத்த சீட்டு இல்லை. எழுபது முத்தும் இருவர் கண்ணுக்கும் எதிரில்தானே கிடக்கின்றன? அதிர்ஷ்டம் புகுவதற்கு வழி ஏது!

நீங்களே சோதித்துப் பாருங்கள். குழிக்கு ஐந்து வைத்து, இடது கோடிக் குழியிலிருந்து தொடங்குங்கள். ஐந்து தடவை அள்ளிப் போட்டதும் உங்கள் ஐந்தாம் குழி வெறுமையாக எதிர்ப்படும். வழித்துவிட்டு ஆறாம் குழியைப் பார்த்தால் ஏழு முத்து! இப்போது எல்லாவற்றையும் பழையபடி நிரப்பி, வேறு குழியில் தொடங்குங்கள். அதே ஏழுதான். எந்தக் குழியானாலும் ஏழே ஏழு.

அப்படியானால் எங்கே தொடங்கினால் என்ன என்று கேட்பீர்கள். அங்கேதான் சூட்சுமம். இடது கோடியில் தொடங்கினால், நீங்கள் ஏழை எடுத்த பிறகு உங்கள் வரிசையில் 27 முத்துத்தான் மிஞ்சும், எதிராளிக்கோ 36. வெறும் குழிகள் இரண்டு உங்கள் பக்கமே வந்துவிடும். வலது கோடியில் தொடங்கினால் உங்களுக்கு 31, அவருக்கு 32. அந்த இரண்டு வெறும் குழிகளும் அவர் தலையில். என் மாமியார் ஒரு நாளாவது இடது கோடியில் தொடங்கியதில்லை. நான் காகிதமும் பென்சிலுமாக ஒரு மத்தியானம் பூராவும் உட்கார்ந்து கண்டுபிடித்ததை அவர் எத்தனை வயதில் கண்டுகொண்டாரோ!

இந்த விளையாட்டுக்கு உலகம் பூராவும் உறவுக்காரர்கள் உண்டு. ஆந்திரத்தில் வாமன குண்டலு, கன்னட நாட்டில் அளிகுளி மணெ. இலங்கையில் சிங்களப் பெண்கள் சித்திரைப் புத்தாண்டுச் சமயத்தில் குன்றிமணி வைத்து ஒலிந்த கெலிய ஆடுவார்கள். மலேசியாவில் சோங்காக். ஆப்பிரிக்காவில் கானா நாட்டு ஒவாரேக்குப் பன்னிரண்டு குழி, நாற்பத்தெட்டு விதை. இந்த ஒவாரே வகையைச் சேர்ந்த அவாரி என்ற ஆட்டத்தை 2002-இல் ஆம்ஸ்டர்டாமில் ஜான் ரோமைன், ஹென்றி பால் என்ற இரு விஞ்ஞானிகள் கம்ப்யூட்டர்களிடம் ஒப்படைத்தார்கள். வரக்கூடிய நிலைகள் 88,906 கோடி! அத்தனையையும் அலசி, இருவரும் தப்புச் செய்யாமல் ஆடினால் ஆட்டம் சமன் என்று முடிவு கட்டினார்கள். நம் பதினான்கு குழிக்கு இந்த முடிவு பொருந்தாது. குழியும் வேறு, விதியும் வேறு. ஆனாலும் பேப்பரில் அதைப் படித்தபோது எனக்குக் கம்ப்யூட்டர் நினைவு வரவில்லை. குழி குழியாகச் சுற்றிய அந்தக் கண்கள்தான் நினைவுக்கு வந்தன.

அந்தக் கண்களில் பிற்காலத்தில் பார்வை மங்கிவிட்டது. பலகையை எடுத்துப் பரணில் வைத்துவிடலாம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். ஒரு நாள் அவரே என்னைக் கூப்பிட்டு, "நான் தொட்டுப் பார்த்து எண்ணிக்கட்டுமா? நீ தப்பா நினைக்க மாட்டியே?" என்று கேட்டார். தம் ஆயுளில் அவர் என்னிடம் கேட்ட ஒரே சலுகை அதுதான். "தாராளமா எண்ணுங்கோ, அம்மா" என்றேன். விரல் நுனியால் ஒவ்வொரு குழியாகத் தடவிக்கொண்டு போனார். ஒரு குழியில் இரண்டா மூன்றா என்று சந்தேகம் வந்து, திரும்பவும் முதலிலிருந்து தடவினார். அன்று ஒரு சுற்று முடிய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. காப்பி ஆறிப்போய் ஏடு கட்டிவிட்டது.

விட்டுக்கொடுக்கலாம் என்று இரண்டு தடவை வேண்டுமென்றே தப்பாக எடுத்தேன். "ஏன் அங்கே எடுத்தே? பக்கத்துக் குழியிலே எடுத்திருந்தா உனக்குப் பசு விழுந்திருக்குமே?" என்று அதட்டினார். அதற்கப்புறம் நிஜமாகவே ஆடினேன். எனக்கு 29, அவருக்கு 41. அடுத்த சுற்றுக்கு இரண்டு ஈர்க்குச்சி எடுத்துவரச் சொன்னார்.