புதுப்பித்த இயந்திரம் புகைவது ஏன்?

பழைய மோட்டார் வண்டி ஒன்றின் இயந்திரத்தைப் பெரும் பொருட்செலவில் புதுப்பித்த பின்னரும் அது நீலப்புகை கக்குமாயின், உடையவர் மனத்தில் முதலில் எழும் எண்ணம், "வேலை செய்தவர் ஏமாற்றிவிட்டார்" என்பதே. எனக்கும் அவ்வாறே தோன்றியது. அது தவறு என்று நான் உணர்வதற்குள், நேர்மையான தொழிலாளி ஒருவரை நாலு பேர் முன்னிலையில் கடிந்து பேசியும் விட்டேன். அந்த அனுபவத்தையும், அதன் வாயிலாக நான் கற்ற சோதனை முறைகளையும், இயந்திரம் வைத்திருக்கும் அன்பர்களுக்குப் பயன்படும் என்று கருதி இங்கே எழுதுகிறேன்.

வண்டியின் வரலாறு

வண்டி, என் தந்தையார் 1974ஆம் ஆண்டில் வாங்கிய அம்பாசிடர். மேற்கு வங்காளத்தில் உத்தர்பாரா என்னும் ஊரில் 1950களின் பிற்பகுதியிலிருந்து 2014ஆம் ஆண்டுவரை தயாரான இவ்வண்டியை அறியாதவர் நம்மில் இலர். இதில் உள்ளது 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் கொண்ட பெட்ரோல் இயந்திரம். பிரிட்டனில் பி.எம்.சி. நிறுவனம் வகுத்த 'பி' வரிசையைச் சேர்ந்தது. சிலிண்டரின் மூல விட்டம் 73.025 மில்லிமீட்டர். தேய்ந்தால் குடைந்து பெரிதாக்கலாம். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று நான்கு படிகள் மட்டுமே. நாற்பதைக் கடந்தால் உள்ளே புதிய உறை இறக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

எங்கள் வண்டி முன்பே இரு முறை குடையப்பட்டது. சென்ற ஆண்டு சேலத்தில் எங்கள் பழைய மேஸ்திரி அதை முப்பதாம் படிக்குக் குடைந்து, புதிய பிஸ்டன்களும் வளையங்களும் பூட்டிக் கொடுத்தார். செலவு 45,000 ரூபாய். இரண்டே மாதத்தில் வண்டி புகையத் தொடங்கியது. 400 கிலோமீட்டர் ஓடினால் ஒரு லிட்டர் எண்ணெய் காணாமற்போயிற்று. வேறொரு பட்டறையில் காட்டினேன். அவர்கள் மூடியைக் கூடத் திறந்து பாராமல், "வேலை கெட்டுவிட்டது, அடுத்த படிக்குக் குடைய வேண்டும்" என்றார்கள். அடுத்த படி என்பது கடைசிப் படி. அந்தக் கோபத்தோடுதான் மேஸ்திரியிடம் சென்று பேசத்தகாததைப் பேசினேன்.

அவர் மறுமொழி கூறவில்லை. நான் பேசி ஓய்ந்த பின், "திறப்பதற்கு முன்னால் சோதித்துப் பார்ப்போம், தம்பி. தறியில் ஓரிழை அறுந்தால் பாவையே அவிழ்ப்பார்களா?" என்று மட்டும் சொன்னார்.

முதலில் நிறம்

புகை என்பது இயந்திரம் பேசும் மொழி. கறுப்புப் புகையாயின் பெட்ரோல் மிகுதியாகச் செல்கிறது என்று பொருள். குற்றம் கார்புரேட்டரிலோ, காற்று வடிகட்டியிலோ இருக்கும். இயந்திரம் சூடேறிய பின்னும் வெண்மையான ஆவி ஓயாது வந்து, ரேடியேட்டரில் நீரும் குறையுமாயின், சிலிண்டருக்குள் தண்ணீர் புகுகிறது; ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். நீலச் சாயலும் எண்ணெய் கருகும் நாற்றமும் உடைய புகையே எண்ணெய் எரிவதற்கு அடையாளம்.

எண்ணெய் குறைவதெல்லாம் எரிவதனால் அன்று என்பதையும் மறத்தலாகாது. இவ்வகைப் பழைய இயந்திரத்தில் கிராங்க் தண்டின் பின்முனையில் ரப்பர் அடைப்பு கிடையாது; தண்டில் வெட்டிய திருகுப் பள்ளமே எண்ணெயை உள்ளே திருப்புகிறது. ஆகவே சிறிது கசிவது இதன் இயல்பு. இரவில் வண்டியின் அடியில் ஓர் அட்டையை விரித்து வைத்தால் ஒழுகும் அளவு காலையில் தெரிந்துவிடும். எங்கள் அட்டையில் நாலைந்து சொட்டுகளே இருந்தன. ஆகவே எண்ணெய் எரிந்துதான் போகிறது என்பது உறுதியாயிற்று.

அடுத்து வேளை

நிறத்தைவிட முக்கியமானது புகை தோன்றும் வேளை. எண்ணெய் சிலிண்டருக்குள் புகக்கூடிய வழிகள் மூன்று.

முதல் வழி, மேலே வால்வுத் தண்டின் ஓரமாக. வால்வு கைடு தேய்ந்தாலோ, தண்டில் பூட்டிய ரப்பர் வளையம் இறுகிப்போனாலோ எண்ணெய் கீழே வடியும். இரவெல்லாம் வடிந்த எண்ணெய் காலையில் இயந்திரத்தைக் கிளப்பியவுடன் ஒரு கொத்து நீலப்புகையாக வந்து பின் மறையும். மலையிறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து நெடுந்தூரம் இறங்கி, அடிவாரத்தில் மீண்டும் அழுத்தும்போதும் அவ்வாறே புகையும். இறக்கத்தில் உட்குழாயில் உண்டாகும் வெற்றிடம் எண்ணெயை உறிஞ்சுவதே காரணம்.

இரண்டாவது வழி, கீழே பிஸ்டன் வளையங்களைக் கடந்து. இதில் சுமை ஏற ஏறப் புகையும் ஏறும்.

மூன்றாவது வழியைப் பலர் நினைப்பதேயில்லை. இயந்திரத்தின் உள்ளறைக் காற்று வெளியேறும் மூச்சுக்குழாய், காற்று வடிகட்டியோடு இணைந்திருக்கும். எண்ணெயை அளவுக்கு மேல் ஊற்றினாலும், உள்ளறையில் அழுத்தம் மிகுந்தாலும், அக்குழாய் வழியே எண்ணெய் இழுக்கப்பட்டு எரியும். குழாயை வடிகட்டியிலிருந்து கழற்றிவிட்டுச் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்தால் உண்மை விளங்கும். இதற்குச் செலவு ஏதுமில்லை.

நானும் மேஸ்திரியும் ஏற்காட்டு மலைப்பாதையில் சென்றோம். இருபது கொண்டையூசி வளைவுகள் கொண்ட அப்பாதையைவிடச் சிறந்த சோதனைச் சாலை எங்களுக்கு வேறில்லை. காலையில் கிளப்பியபோது புகை இல்லை. ஏற்றத்தில் பின்னால் வந்தவர் விளக்கைப் போட்டு வரும்படி இடைவிடாத நீலப்புகை. இறங்கி அடிவாரத்தில் மீண்டும் அழுத்தியபோது தனியாக ஒரு கொத்தும் எழவில்லை. மூச்சுக்குழாயைக் கழற்றியும் மாறுதல் இல்லை. வால்வுகள் குற்றமற்றவை, வளையங்களே குற்றவாளி என்பது இதனால் பெறப்பட்டது.

அழுத்தச் சோதனை

பின்னர் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றினார். எண்ணெய் எரியும் சிலிண்டரின் பிளக் ஈரக் கறுப்பாகவும், பெட்ரோல் மிகுந்ததின் பிளக் உலர்ந்த கரியாகவும், நலமானது இளம் பழுப்பாகவும் இருக்கும். எங்கள் பிளக்குகள் நான்கும் ஒன்றுபோல் ஈரக் கறுப்பு.

அதன்பின் சூடான இயந்திரத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுதும் அழுத்தியபடி, ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் கேஜ் வைத்து அளந்தார். சதுர அங்குலத்திற்கு முறையே 105, 110, 100, 108 பவுண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளந்தபோது 140, 145, 138, 142 என ஏறியது. எண்ணெய் விட்டதும் அழுத்தம் ஏறினால் காற்று வளையங்களின் வழியே தப்புகிறது. ஏறாவிட்டால் வால்வுகளின் வழியே தப்புகிறது. இஃது எளிய கணக்கு. ஆயினும் இச்சோதனை மேல் வளையங்களை மட்டுமே காட்டும்; எண்ணெயை வழிக்கும் அடிவளையம் முறிந்திருந்தால் அழுத்தம் நன்றாயிருந்தும் புகை வரலாம் என்பதையும் அவர் நினைவூட்டினார்.

இவ்விடத்தில் அவர் சொன்ன ஒரு கருத்து என் நெஞ்சில் பதிந்தது: "ஒரு சிலிண்டர் மட்டும் கெட்டிருந்தால் ஓர் உறுப்பில் குற்றம். நான்கும் ஒன்றுபோல் கெட்டிருந்தால், நான்குக்கும் பொதுவாக நடந்தது எது என்று தேட வேண்டும்." வளையங்களைத் தலைகீழாகப் பூட்டியிருந்தாலும் நான்கும் புகையக்கூடும், சாய்ந்த முகமுடைய வளையத்தின் மேற்புறம் கீழே போனால், அது எண்ணெயை வழிப்பதற்கு மாறாக மேலே ஏற்றும். "என் கை அந்தப் பிழையைச் செய்திருந்தால் நானே ஒப்புக்கொள்வேன்" என்றவர், பிறகு என்னைப் பார்த்து, "வண்டியை எடுத்துப்போன பின் எப்படி ஓட்டினீர்கள், தம்பி?" என்று கேட்டார்.

என் பிழை

நான் ஓட்டவே இல்லை. புதிய இயந்திரமாயிற்றே என்ற பரிவினால் நாள்தோறும் கொட்டகையிலேயே அரை மணி நேரம் மெதுவாக ஓடவிட்டேன். எப்போதாவது வெளியே எடுத்தாலும் தனியாளாக, மிக மெதுவாக, கடைவீதி வரை. மேலும் சிறந்தது என்று பிறர் சொல்லக் கேட்டு, அவர் ஊற்றியிருந்த சாதாரண எண்ணெயை வடித்துவிட்டு விலையுயர்ந்த செயற்கை எண்ணெயை ஊற்றியிருந்தேன்.

அவர் நீண்ட பெருமூச்சு விட்டார். பின் விளக்கினார். குடைந்த சிலிண்டரின் சுவரில் ஹோனிங் கருவியால் பாவும் ஊடையும் போலக் குறுக்கு மறுக்காக நுண்ணிய கோடுகள் கீறப்படுகின்றன. முதல் சில நூறு கிலோமீட்டர்களில் வளையமும் சுவரும் அக்கோடுகளின் மேல் ஒன்றையொன்று தேய்த்துப் பொருந்த வேண்டும். வளையத்தைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த விறைப்பு மட்டுமன்று. எரியும் வாயு அதன் பின்புறம் புகுந்து தள்ளுவதே பெரும்பங்கு. சுமையின்றி ஓடும்போது அவ்வாயுவின் வலிமை போதாது. வளையம் எண்ணெய்ப் படலத்தின் மேல் வழுக்கிச் செல்ல, அந்த எண்ணெய் வெந்து வார்னிஷ் போல் இறுகிக் கோடுகளை நிரப்பிவிடும். அதன்பின் வளையம் பொருந்தவே பொருந்தாது.

முதலில் செயற்கை எண்ணெயை மாற்றி, நால்வர் ஏறி, மலைப்பாதையில் 300 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தோம். புகை குறையவில்லை. அதன் பின்னரே ஹெட்டைக் கழற்றினார். சுவர்கள் கண்ணாடிபோல் மின்னின, கோடுகளைக் காணோம். வளையங்கள் யாவும் நேராகவே பூட்டப்பட்டிருந்தன. போர் கேஜால் அளந்தபோது மேலும் கீழும், குறுக்கும் நெடுக்கும் 0.01 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடில்லை. ஆகவே குடையத் தேவையே இல்லை. லேசாக ஹோனிங் செய்து, சோப்பு நீரால் கழுவித் துடைத்து, புதிய வளையங்களைப் பூட்டி, சாதாரண கனிம எண்ணெயை ஊற்றினார். கடைசிப் படி கைபடாமல் எஞ்சியது. வளையங்களுக்கான விலையை மட்டும் வாங்கிக்கொண்டார். கூலி வேண்டாம் என்றார். வற்புறுத்திக் கொடுத்தேன். முன்பு எவர் முன்னிலையில் கடிந்தேனோ, அவர்களை அழைத்துவைத்து மன்னிப்பும் கேட்டேன்.

பழக்கும் முறை

இம்முறை கிளப்பிய அன்றே சாலையில் இறக்கினோம். மேல் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 65 வரை உறுதியாக அழுத்தி ஏற்றுவது, பிறகு காலை எடுத்துத் தானே தணிய விடுவது. இவ்வாறு பத்துப் பன்னிரண்டு முறை. ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டுவதும், முழு வேகத்தில் விரட்டுவதும், நிறுத்திவைத்து ஓடவிடுவதும் கூடா. 500 கிலோமீட்டரில் எண்ணெயை மாற்றினோம். 800 கிலோமீட்டர் கடந்தபோது புகை அடியோடு மறைந்தது. இன்று 1,000 கிலோமீட்டருக்குக் கால் லிட்டருக்கு மேல் எண்ணெய் குறைவதில்லை.

வயலில் டீசல் எஞ்சின் வைத்திருக்கும் அன்பர்களும் இதைக் கருதுதல் நலம். புதுப்பித்த எஞ்சினைச் சுமையேற்றாமல் நெடுநேரம் சும்மா ஓடவிட்டால் அதற்கும் இதே கேடு நேரும்.

அட்டை விரிப்பதற்கும், குழாயைக் கழற்றுவதற்கும், பிளக்கைப் பார்ப்பதற்கும் காசு செலவில்லை. இவற்றைச் செய்யாமல் இயந்திரத்தைத் திறப்பவர் பணத்தை இழப்பார். இவற்றைச் செய்யாமல் வாயைத் திறப்பவர், என்னைப்போல், அதனினும் அரிய ஒன்றை இழக்க நேரிடும். எனக்கு அது திரும்பக் கிடைத்தது, மேஸ்திரியின் பெருந்தன்மையால்.