பேசாதவன் பேதையா?

விடுமுறை நாட்களில் கார்ட்டூன் படங்களின்முன் அமர்ந்து நம் வீட்டுக் குழந்தைகள் வாய்விட்டுச் சிரிக்கும் ஓசை நமக்கு இன்பம் அளிக்கிறது. ஆனால், யாரைக் கண்டு அவர்கள் சிரிக்கிறார்கள் என்று நாம் கேட்பதில்லை. அதனை இன்று சற்றே ஆராய்வோம்.

1937ஆம் ஆண்டில் வால்ட் டிஸ்னி அவர்கள் வெளியிட்ட 'ஸ்னோ ஒயிட்டும் ஏழு குள்ளர்களும்' உலகப் புகழ் பெற்ற சித்திரப் படம். அந்த எழுவருள் டோப்பி என்பவன் மட்டும் தாடியில்லாதவன்; உடலுக்குப் பொருந்தாத நீண்ட அங்கி அணிந்தவன்; பேசாதவன். மந்தன் என்று பொருள்படும் வகையிலேயே அவனுக்குப் பெயரும் அமைந்தது. பேசுவதற்கு அவன் முயன்றதே இல்லை என்று தோழன் ஒருவன் கூறுவதோடு, அவன் மௌனத்துக்கான விளக்கம் முடிந்துவிடுகிறது. மாடியில் ஏதோ பூதம் இருப்பதாக எல்லோரும் அஞ்சும்போது, கையில் மெழுகுவத்தியைக் கொடுத்து அவனைத்தான் மேலே அனுப்புகிறார்கள். ஆயினும், ஸ்னோ ஒயிட் விடைகொடுத்து முத்தமிட்டு அனுப்பியதும், சன்னல் வழியே உள்ளே புகுந்து மீண்டும் வந்து நிற்கும் சாமர்த்தியமும் அவனுக்கு உண்டு. அறிவற்றவன் செய்யும் செயலா அது?

1994இல் வெளிவந்த 'லயன் கிங்' படத்தில் டோப்பிக்கு இருந்த இனிமையும் மறைந்துவிட்டது. அதில் வரும் மூன்று கழுதைப்புலிகளுள் எட் என்பதற்குச் சொல் இல்லை. சிரிப்பு ஒன்றே உண்டு. நாக்குத் தொங்குகிறது, பார்வை எங்கெங்கோ அலைகிறது, தன் காலையே அது கடித்துக்கொள்கிறது.

இப்படங்கள் எதுவும் அறிவுசார் குறைபாடு என்ற பெயரைச் சொல்வதில்லை. அடையாளங்களை மட்டுமே காட்டுகின்றன: வெற்றுப் பார்வை, தொங்கும் நாக்கு, சொல்லில்லாத வாய். கற்றல், ஆராய்தல், அன்றாட வாழ்வை நடத்துதல் ஆகியவற்றில் இளமையிலேயே தோன்றும் குறைவுதான் அறிவுசார் குறைபாடு. அதன் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். தக்க துணை கிடைத்தால் படிப்பவரும் உழைத்துப் பிழைப்பவரும் அவர்களுள் பலர். பேச்சின்மையோ வேறு பல காரணங்களாலும் வரக்கூடியது. இரண்டையும் ஒன்றாகக் குழைத்து நகைப்பாக்கித் தருவதே பழைய சித்திரப் படங்களின் வழக்கம். அந்தப் பாடத்தைக் கற்ற குழந்தை, மறுநாள் தெருவில் அத்தகைய முகத்தைக் காணும்போது என்ன செய்யும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

நல்லெண்ணத்தோடு எடுத்த படமும் இதில் தவறுவதுண்டு. 2016இல் வந்த 'ஃபைண்டிங் டோரி' மறதியால் வருந்தும் மீன் ஒன்றைப் பரிவோடு காட்டுகிறது. அதே படத்தில் ஜெரால்டு என்னும் பேசாத கடற்சிங்கம் வாளி ஒன்றைக் கவ்விக்கொண்டு, பாறைமேல் சிறிது இடம் கேட்டு வருகிறது. மற்ற இரு கடற்சிங்கங்கள் அதை விரட்டுகின்றன. அந்த விரட்டலைக் கண்டு நாம் சிரிக்கவேண்டுமென்பதே படத்தின் எதிர்பார்ப்பு. டோரிக்குக் கிடைத்த பரிவு ஜெரால்டுக்குக் கிடைக்கவில்லை.

மாற்று வழியும் உண்டு. 2020இல் பிக்சார் நிறுவனத்தார் வெளியிட்ட 'லூப்' என்னும் குறும்படத்தில், ரெனே என்ற பேசாத ஆட்டிசச் சிறுமியும், ஓயாது பேசும் மார்க்கஸ் என்ற சிறுவனும் ஒரே படகில் ஏரியில் செல்கின்றனர். ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் ஒன்றல்ல. எனினும் இரண்டும் ஒரே ஏளனத்துக்கு ஆளாகின்றன. இங்கே ரெனே பேசக் கற்பதில்லை. மார்க்கஸே கவனிக்கக் கற்கிறான். ரெனேக்குக் குரல் தந்தவரும் அவளைப் போன்றே பேச்சில்லாத ஆட்டிசம் உடையவர்.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுள்ளது. அறிவுசார் குறைபாடும் அவற்றுள் ஒன்று. 2024 சூலையில் உச்ச நீதிமன்றம், குறைபாடுடையோரை இழிவுபடுத்தும் நகைச்சுவை வேறு, அவர்களைப் புரிந்துகொள்ளத் துணைபுரியும் நகைச்சுவை வேறு என்று பிரித்துக் காட்டியது. அந்த அளவுகோல் வீட்டுக் கூடத்துக்கும் பொருந்தும்.

மொழி தெரியாத ஊரில் புதிதாகக் குடியேறிய நமக்கு இது விளங்காத செய்தியன்று. வேற்றுமொழிப் பள்ளியில் முதல் மாதம் வாய்திறவாது அமர்ந்திருந்த நம் குழந்தையை, வகுப்பில் யாரேனும் மந்தம் என்று எண்ணியிருக்கலாம். அக்குழந்தை சில மாதங்களில் மொழியைக் கற்று மீண்டுவிடும். அவ்வாறு மீளமுடியாத குழந்தைகளும் உண்டு; மதிப்பு அவர்களுக்கும் உரியதே.

படங்களைத் தடுக்கவேண்டியதில்லை. உடன் அமர்ந்து பார்ப்போம். சிரிப்பு அடங்கியதும், "அந்த டோப்பிக்கு என்ன தோன்றியிருக்கும்?" என்று ஒரு கேள்வி கேட்போம். குழந்தை விடை தேடும் அந்தச் சிறுபொழுதில், ஏளனம் பரிவாக மாறத் தொடங்கும்.