ஒரு மைக்ரான் எண்ணெய்

மாருதி ஜிப்ஸியின் பின் அச்சுக்கு நடுவே புடைத்திருக்கும் இரும்புக் கூட்டுக்குள் கிரவுன் சக்கரமும் பினியனும் பல்லோடு பல் பொருந்திச் சுழல்கின்றன. வண்டி சேற்றில் சிக்கி, லோ கியரில் முக்கி மேலேறும்போது, தொட்டுக்கொள்ளும் இரு பற்களுக்கு நடுவே அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைவிடப் பத்தாயிரம் மடங்கு அளவுக்குப் போகக்கூடும். இரும்பும் இரும்பும் நேராக உரசினால் பற்கள் வெகு விரைவில் உரிந்துவிடும். உரசவிடாமல் காப்பது எண்ணெய்ப் படலம். அதன் தடிமன் ஒரு மைக்ரான் அளவுதான். பல நேரம் அதுவும் இருக்காது. ஒரு மைக்ரான் என்பது தலைமுடியின் குறுக்களவில் ஏறத்தாழ எழுபதில் ஒரு பங்கு.

இத்தனை நெருக்கலில் எண்ணெய் ஏன் பிதுங்கி ஓடிவிடுவதில்லை? அழுத்த அழுத்த அது கெட்டியாகிறது என்பதுதான் காரணம். பற்கள் சந்திக்கும் அந்தக் கணத்தில் அது கிட்டத்தட்டத் திடப்பொருளாகவே நடந்துகொள்கிறது. பற்கள் விலகியதும் மறுபடி திரவமாகி வழிகிறது. ஓடுகிற வண்டியில் இது நொடிக்குப் பலநூறு முறை நடக்கிறது. தண்ணீருக்கு இந்தக் குணம் இல்லை. எவ்வளவு நெருக்கினாலும் அது பெரிதாகக் கெட்டிப்படாது, விலகி ஓடிவிடும். அதனால்தான் கியர் ஆயிலில் கொஞ்சம் தண்ணீர் கலந்தாலே படலம் மெலிந்து, அறுந்துபோகிறது.

இந்தப் படலத்தைக் காப்பதில் வண்டியின் எடைக்கும் பங்குண்டு; அதற்கு ஜிப்ஸியின் பரம்பரையைப் பார்க்கவேண்டும். அதன் மூதாதை, 1970இல் சுசுகி வெளியிட்ட முதல் ஜிம்னி. எஞ்சின் வெறும் 359 சிசி. அந்தக் குடும்பத்தின் அடுத்த தலைமுறை வண்டி 1985இல் இந்தியாவில் ஜிப்ஸி ஆனது. இங்கே ராணுவம் முதல் கார்பெட், ரந்தம்பூர் புலிக்காடுகள் வரை ஜிப்ஸிதான் ஓடியது. 2019இல் பொது விற்பனை நிற்கும்வரை, நான்கு சக்கர இழுவையுள்ள வண்டிகளில் விலை குறைந்தவற்றில் ஒன்று அது. காலிவண்டியின் எடை ஏறத்தாழ ஒரு டன்தான். எடை குறைந்தால் பல்லிலும் பேரிங்கிலும் விழும் சுமை குறைகிறது, படலம் தாக்குப்பிடிக்கிறது. மலிவான வண்டி இத்தனை காலம் உழைத்ததற்கு முதல் காரணம் இந்த லேசான உடம்புதான். பெரிய டயர் மாட்டி, கனத்த பம்பர் பூட்டி, கூரையில் விளக்கு வரிசை ஏற்றுகிறவர்கள் அந்த வரத்தைத் தாங்களே கழற்றிப் போடுகிறார்கள் என்பது என் கருத்து.

காடு இந்தப் படலத்தை இரண்டு வழியில் தாக்குகிறது. ஒன்று தூசி. மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் துகள், பேரிங் செய்யும் உருக்கைவிடக் கடினமானது. படலத்தைவிடப் பருத்த துகள் உள்ளே போனால் பேரிங்கின் உருளைக்கும் அதன் தடத்துக்கும் இடையே நசுங்கி, இரண்டிலும் பள்ளம் பதித்துவிட்டுப் போகும். அந்தப் பள்ளத்தின் விளிம்பிலிருந்துதான் பின்னால் உலோகம் செதில் செதிலாக உரியத் தொடங்குகிறது. வரிசையாகப் போகும் சஃபாரி வண்டிகளில் முன்வண்டி கிளப்பும் புழுதியைப் பின்வண்டி முழுக்கக் குடிக்கிறது. ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்ய எல்லோருக்கும் தெரியும். அச்சுக்கு அடியில் குனிந்து பார்க்கிறவர் குறைவு.

இன்னொன்று தண்ணீர். அது உள்ளே நுழையும் விதம்தான் என்னை வியக்கவைத்தது. ஒரு மணி நேர ஓட்டத்தில் அச்சுக்கூடு கைவைக்க முடியாதபடி சுடும். 90 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். எதிரே ஓடை, தண்ணீர் 20 டிகிரி. வண்டி இறங்கியதும் கூடு மளமளவென்று குளிர்கிறது. உள்ளிருக்கும் காற்று முழுக்கக் குளிர்ந்தால் அதன் பருமன் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். லிட்டருக்கு 200 மில்லி. சுடுசோற்றை மூடிவைத்த டப்பா ஆறியபின் மூடி திறக்க மறுக்கிறதே, அதே வெற்றிடம் இங்கேயும் உருவாகிறது. அச்சு அந்த நேரம் பார்த்துத் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கிறது.

கூட்டின் வாயை அடைத்திருக்கும் ஆயில் சீலுக்கு இந்த உறிஞ்சலைத் தடுக்கும் பலம் இல்லை. சீலின் ரப்பர் உதடு உள்ளிருக்கும் எண்ணெயை வெளியே விடாமல் பிடிக்க உள்நோக்கி வளைக்கப்பட்டது. வெளியிலிருந்து உறிஞ்சும்போது அதே உதடு லேசாகத் தூக்கிக்கொடுத்து வழிவிடுகிறது. ஓடையைக் கடக்கிற ஒவ்வொரு தடவையும் சில துளிகள் சேரும்.

இதற்காகத்தான் கூட்டின் தலையில் பிரீதர் என்ற சிறு மூச்சுத்துளை இருக்கிறது. சூடாகும்போது காற்றை வெளியேவிட்டு, குளிரும்போது உள்ளே இழுத்துக்கொள்ளும். அது சேறு அடைத்துக் காய்ந்துவிட்டால் இரண்டு பக்கமும் கேடு: சூட்டில் எண்ணெய் சீலை மீறி வெளியேறி பிரேக் டிரம்முக்குள் வழியும், குளிரில் சீல் வழியாகத் தண்ணீர் ஏறும். துளை திறந்திருந்தாலும் நீர்மட்டத்துக்குக் கீழே போனால் அது உறிஞ்சுவது தண்ணீரைத்தான். ஆகவே அனுபவப்பட்ட மெக்கானிக்குகள் பிரீதரின் மூடியைக் கழற்றிவிட்டு, எண்ணெய் தாங்கும் ரப்பர் குழாய் ஒன்றைச் செருகி, பானட்டுக்குள் உயரத்தில் கொண்டுபோய்க் கட்டுகிறார்கள். அச்சு அசையும்போது இழுபடாமல் குழாயில் கொஞ்சம் தளர்வு விடவேண்டும். வண்டிக்குச் செய்கிற செலவுகளிலேயே மிகச் சிறியது இது. என்னைக் கேட்டால் முதல் செலவும் இதுவாகத்தான் இருக்கவேண்டும்.

ஏற்கெனவே தண்ணீர் ஏறிவிட்டதா என்று பார்க்க வண்டியை ராத்திரி முழுக்க அசையாமல் நிறுத்த வேண்டும். எண்ணெயைவிடத் தண்ணீர் கனம், அடியில் தங்கும். காலையில் ஸ்பேனர் போட்டு டிரெயின் போல்ட்டை அரைச்சுற்று மட்டும் தளர்த்தினால், கந்தக வாடையடிக்கும் கியர் ஆயிலுக்கு முன்னால் தெளிந்த துளிகள் சில வந்து விழும். ஓட்டத்தில் கடையப்பட்டு இரண்டும் கலந்துபோயிருந்தால் துளி பிரிந்து வராது. எண்ணெயே வெளிறிக் கலங்கலாக இருக்கும். அதைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்க்கிறார்கள். வழவழப்பான சாம்பல் நிறப் பசை பழைய வண்டியில் இயல்பு. வெயிலில் மினுக்கும் செதில்கள் விரலில் உறுத்தினால் பேரிங்கோ பல்லோ உரியத் தொடங்கிவிட்டது; எண்ணெய் மாற்றி அதைச் சரிக்கட்ட முடியாது.

அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் மூட்டில் உள்ள கிராஸுக்கு கிரீஸ் அடிப்பதிலும் இதே கணக்குதான். கிரீஸ் தீர்ந்துபோனதால் மட்டும் அடிப்பதில்லை. உள்ளே புகுந்த தண்ணீரையும் மண்ணையும் வெளியே தள்ளவும்தான் அடிப்பது. கிரீஸ் கன்னை நிப்பிளில் பொருத்தி அழுத்தினால் முதலில் துருச் சிவப்பு கலந்த பழைய குழம்பு வரும். கிராஸின் நான்கு முனைகளிலும் உள்ள தொப்பிகளின் ஓரத்தில் புது கிரீஸ் தலைகாட்டும்வரை அடிக்கவேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் அந்த ஒன்றின் ஊசி உருளைகள் காய்ந்துதான் சுழல்கின்றன. தார்ச்சாலையில் மட்டும் ஓட்டுகிறவர்கள் ஐயாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டர் என்று மீட்டரைப் பார்த்துச் செய்யும் இந்த வேலையை, ஓடை கடக்கிற ஜிப்ஸிக்காரர் அன்று மாலையே செய்துவிடுவது நல்லது. ஒரு ராத்திரி போதும், ஊசி உருளைகளில் துரு பிடித்துவிட.