வெட்டிப் போடும் வாயு

டீயை உறிஞ்சியபடியே கேளுங்கள். அதிலுள்ள கஃபீனில் ஒரு பங்கு எப்படியும் சாக்கடைக்குப் போகும்; கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்து பாக்டீரியாக்கள் அதை ஏறக்குறைய முழுசாகத் தின்றுவிடும். முழங்காலில் தேய்க்கிற டைக்ளோஃபெனாக் களிம்பின் கதை வேறு. தோலுக்குள் இறங்குவது சிறு பங்குதான். மீதி துண்டிலும் லுங்கியிலும் ஒட்டி, துவைக்கிற தண்ணீரோடு போய்விடும். அதில் பெரும்பகுதியை பாக்டீரியா தொடாது. வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபைனைச் சீண்டவே சீண்டாது.

இதற்குச் சட்டமே போட்ட நாடு சுவிட்சர்லாந்து. (இந்த இரண்டு மருந்துகளும் பிறந்ததே அங்குள்ள பாசெல் நகரத்து நிறுவனங்களில்தான்!) சூரிச்சை அடுத்த டியூபென்டார்ஃபில் நொய்குட் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. அந்த நாட்டில் இந்த எச்சங்களை நீக்க முதன்முதலாக முழு அளவில், நிரந்தரமாக ஓசோனைக் கொண்டுவந்தது அங்கேதான், 2014இல். 2016இல் நடப்புக்கு வந்த சட்டப்படி, தேர்ந்தெடுத்த நிலையங்கள் இப்படிப்பட்ட எச்சங்களில் 80 சதவீதத்தை நீக்கியாக வேண்டும். 12 பொருள்கள் கொண்ட பட்டியலை வைத்து அளக்கிறார்கள். நம் இரண்டும் அதில் உண்டு. செலவுக்கு ஆளுக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 9 ஃபிராங்க்.

ஜெராக்ஸ் மிஷின் விடாமல் ஓடும்போது மூக்கில் ஏறுமே ஒரு நெடி, அது ஓசோன்தான். பிடித்து அடைத்து வைக்க முடியாது, சீக்கிரமே ஆக்சிஜனாகிவிடும். அதனால் திரவ ஆக்சிஜன் தொட்டியை வாசலிலேயே நிறுத்தி, அதிலிருந்து வரும் வாயுவில் உயர் மின்னழுத்தம் பாய்ச்சி அங்கேயே தயாரிக்கிறார்கள். பாக்டீரியாக்கள் தின்று முடித்த தண்ணீருக்குள், மூடிய ஆழமான தொட்டியின் அடியிலிருந்து குமிழ் குமிழாக ஏற்றுவார்கள். லிட்டருக்குச் சில மில்லிகிராம் போதும். தண்ணீரில் கரிமக் கழிவு மிச்சம் இருந்தால் அதுவே ஓசோனைப் பங்கு போட்டுக்கொள்ளும், அளவைக் கூட்ட வேண்டிவரும்.

ஓசோன் மருந்தை இல்லாமல் ஆக்கிவிடுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை, வெட்டுகிறது. கார்பமசெபைன் மூலக்கூறின் நடு வளையத்தில் ஒரு இரட்டைப் பிணைப்பு உண்டு. ஓசோன் நேராக அங்கே பாய்ந்து வளையத்தைத் திறந்துவிடும். மருந்தின் குணம் போய்விடும், துண்டு தண்ணீரிலேயே கிடக்கும். அயோடின் கலந்த எக்ஸ்ரே மருந்துகளில் இப்படி வாகான பிடி இல்லை. அவற்றில் கணிசமான பகுதி தப்பிவிடும். வெட்டிய துண்டுகளுக்காகத்தான் அடுத்து மணல் வடிகட்டி. முழு மருந்தைத் தொடாத பாக்டீரியாக்கள், மணலில் படர்ந்திருந்து இந்தத் துண்டுகளில் சிலவற்றைத் தின்னும். அந்த வடிகட்டியை மிச்சம் பிடிக்கலாம் என்று நினைப்பது, என்னைக் கேட்டால், பாதி வேலைக்கு முழுக் காசு கொடுப்பது.

இன்னொரு சிக்கல் புரோமைடு. தானாக அது சாது. ஓசோன் பட்டால் புரோமேட் ஆகும்; அது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற சந்தேகம் உண்டு, மணல் வடிகட்டியிலும் நிற்காது. குப்பை எரிக்கும் ஆலை, சில ரசாயன ஆலைகள் இவற்றின் கழிவுநீர் சேரும் ஊர்களில் புரோமைடு கூடுதலாக இருக்கும். ஆகவே சுவிட்சர்லாந்தில் ஓசோனைத் தேர்ந்தெடுக்கும் முன்பே அந்த ஊர்த் தண்ணீரைச் சோதித்துப் பார்க்கிறார்கள். புரோமைடு மிகுதி என்றால் ஓசோனை விட்டுவிட்டு, எதையும் வெட்டாமல் அப்படியே ஒட்டவைத்துக்கொள்ளும் கிளர்வூட்டிய கரிக்குப் போய்விடுகிறார்கள்.