பாப்பாவுக்குப் பல்லியைக் காட்டுங்கள்!

குட்டிச் செல்லங்களே, உங்கள் வீட்டில் மூன்று, நான்கு வயதில் தம்பியோ தங்கையோ இருக்கிறார்களா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

புளியந்தோப்பில் எங்கள் தெருவில் ஒருநாள் பார்த்த காட்சி இது. முருங்கை மரத்தில் ஓர் ஓணான். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் அண்ணன் கல்லை விட்டெறிந்தான். குறி தப்பியது. பக்கத்தில் நின்ற மூன்று வயதுத் தம்பி என்ன செய்தான் தெரியுமா? குனிந்து, தன் கைக்கு அடக்கமாக ஒரு சின்னக் கல்லைப் பொறுக்கினான்! அவனுக்கு ஓணான் மேல் என்ன கோபம்? அண்ணன் செய்தான், அவனும் செய்தான்.

"டேய், ஏன்டா அதை அடிக்கிறே?" என்று பெரியவனைக் கேட்டேன்.

"அது நம்ம ரத்தத்தை உறிஞ்சிடும் தாத்தா. கழுத்தைப் பாருங்க, எப்படிச் சிவந்திருக்கு!"

ரத்தமும் இல்லை, ஒன்றும் இல்லை. இனப்பெருக்க காலத்தில் ஆண் ஓணானின் தலையும் கழுத்தும் சிவக்கும். பெண் ஓணானைக் கவரவும், மற்ற ஆண்களை மிரட்டவும்தான் அந்த நிறம். அது தின்பது பூச்சிகளையும் எறும்புகளையும். இதைச் சொன்னதும் "அப்படியா!" என்று மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டான். ஓணான் தலையை மேலும் கீழும் ஆட்டியது. சின்னவனும் ஆட்டினான். அப்புறம் பெரியவனும்! கையிலிருந்த கல் எங்கே போனது என்று யாரும் தேடவில்லை.

நான் ஆசிரியராக இருந்தபோது 'ஊர்வன' பாடத்தைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு மனப்பாடம் செய்ய வைத்தவன். தலைக்கு மேலே சுவரில் பல்லி இருக்கும். அதைக் காட்டியதே இல்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நீங்கள் அப்படி விட்டுவிடாதீர்கள். இன்று இரவு டியூப்லைட் பக்கம் வரும் பல்லியைப் பாப்பாவுக்குக் காட்டி, 'கண் இமைக்காத போட்டி' வையுங்கள். யார் முதலில் கண் சிமிட்டுகிறார்களோ அவர்கள் அவுட். பல்லிதான் எப்போதும் ஜெயிக்கும்! ஏனென்றால் அதற்கு மூடித் திறக்கும் இமையே கிடையாது. கண்ணில் தூசி விழுந்தால் நாக்காலேயே துடைத்துக்கொள்ளும். பாப்பாவையும் அப்படிச் செய்யச் சொல்லிப் பாருங்கள். நாக்கு மூக்கைக்கூடத் தொடாது!

நம் வீட்டுப் பல்லிக்கு விஷம் கிடையாது. ஆனால் அதன் உடலிலும் எச்சத்திலும் கிருமிகள் இருக்கலாம். அதனால் பல்லி விழுந்த உணவைக் கொட்டிவிட வேண்டும். தெரியாமல் தொட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பாப்பாவுக்கு ஒரே விதி சொல்லிக் கொடுங்கள்: "பார்க்கலாம், தொடக்கூடாது."

பாம்புக்கு அந்த விதி போதாது. மழைநீர் தேங்கும் நாட்களில் பக்கிங்ஹாம் கால்வாய், ஓட்டேரி நல்லா பக்கமிருந்து பாம்புகள் வீட்டருகே வரலாம். தண்ணீர்ப் பாம்புக்கும் சாரைக்கும் விஷமில்லை. நாகம், கட்டுவிரியன் போன்றவற்றுக்கு உண்டு. எது எது என்று பாப்பாவுக்குத் தெரியுமா? நமக்கே தெரியாதே! அதற்குத்தான் ஸ்டேச்சு விளையாட்டு. ஒரு பழைய கயிற்றைத் தரையில் போடுங்கள். "பாம்பு!" என்றதும் பாப்பா சிலையாக நிற்க வேண்டும். பிறகு மெதுவாகப் பின்னால் நடந்து வந்து "அக்கா!" என்று கூப்பிட வேண்டும். தினமும் இரண்டு தடவை விளையாடினால் போதும், பழகிவிடும். நிஜமாகவே பாம்பு வந்தால் நீங்களும் கிட்டே போகாமல் பெரியவர்களிடம் சொல்லுங்கள். அவர்கள் தீயணைப்புத் துறையை அழைப்பார்கள். யாரையாவது கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது எதுவும் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

பாம்பைப் பயமில்லாமல் பார்க்க வேண்டுமா? 1972-இல் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கிய பாம்புப் பண்ணை கிண்டியில் இருக்கிறது. விடுமுறையில் அப்பாவிடம் கேளுங்கள்.

ஆமையும் ஊர்வனதான். நம் காசிமேடு, எண்ணூர் கடலில் ஆலிவ் ரிட்லி எனப்படும் பங்குனி ஆமைகள் உண்டு. நுரையீரலால் சுவாசிப்பதால் அவை மூச்சுவிட மேலே வந்தே ஆக வேண்டும். வலையில் நெடுநேரம் சிக்கினால் மூச்சுத் திணறி இறந்துவிடும். 2025 ஜனவரியில் சென்னைப் பகுதிக் கடற்கரைகளில் இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கின. தப்பிப் பிழைத்த தாய் ஆமை இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டி சுமார் 100 முட்டைகள் இடும். ஏறத்தாழ 50 நாளில் குஞ்சுகள் வெளிவந்து, வெளிச்சம் தெரியும் பக்கம் நடக்கும். இருட்டில் கடல்தான் வெளிச்சமாகத் தெரியும். ஆனால் தெருவிளக்கு எரிந்தால்? குஞ்சுகள் சாலைக்குப் போய்விடும்! அதனால்தான் 1988 முதல் மாணவர்கள் குழு ஒன்று, ஆமைகள் முட்டையிடும் மாதங்களில் நீலாங்கரை முதல் பெசன்ட் நகர் வரை இரவில் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாக்கிறது.

இதையும் விளையாட்டாக்கினோம். அறையை இருட்டாக்கி, ஒரு மூலையில் நீலப் புடவையை விரித்துக் 'கடல்' என்றோம். அங்கே ஒரு டார்ச். ஓணான் பார்த்த அந்தச் சின்னவன்தான் ஆமைக் குஞ்சு. தவழ்ந்து போனான். பாதி வழியில் நான் வாசல் பக்கம் இன்னொரு டார்ச்சைப் பெரிதாக அடித்தேன். பாவம், திரும்பி வாசலை நோக்கித் தவழ ஆரம்பித்துவிட்டான்.

"தாத்தா, லைட்டை அணைங்க! அவன் ரோட்டுக்குப் போறான்!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தான் அண்ணன்.