வேட்பாளர் நடுவுக்கு நகர வேண்டுமா? கோவை சொல்லும் பதில்

தேர்தல் நெருங்கினால் வேட்பாளர்கள் கொள்கையின் காரத்தைக் குறைத்து, எந்தப் பக்கமும் சாயாத வாக்காளர்களைத் தேடிப் போவது வழக்கம். இதற்கான கோட்பாட்டை 1957இல் விரித்து எழுதியவர் அமெரிக்கரான ஆந்தனி டவுன்ஸ். இரண்டே கட்சிகள் மோதினால், இரண்டும் நடுவில் இருக்கும் வாக்காளரை நோக்கியே நகரும் என்பது அதன் சாரம். களத்தில் மூன்றாவது ஆள் இருந்தாலோ, சொந்தக் கட்சிக்காரர்கள் மனம் விட்டுப்போனாலோ இந்தக் கணக்கு பொய்த்துவிடும்.

பொய்த்த இடம் கோவை தெற்கு. 2021 சட்டமன்றத் தேர்தலில் அங்கே இடதும் வலதும் இல்லை என்று சொல்லி நின்ற மக்கள் நீதி மய்யத்தின் கமல்ஹாசன் 51,481 வாக்குகள் பெற்றார். காங்கிரசுக்கு 42 ஆயிரத்துக்கு மேல் கிடைத்தது. வென்றவர் பாஜகவின் வானதி சீனிவாசன், வித்தியாசம் 1,728. அவருடைய கொள்கை நடுவில் இல்லை, அதிமுக கூட்டணி இருந்தது. நடுவில் நின்றவருக்கோ பலமான துணை இல்லை.

தமிழ்நாட்டில் நடுவுக்கு நகர்வது பேச்சால் நடப்பதைவிடக் கூட்டணியால் நடப்பதே அதிகம். கோவை மக்களவைத் தொகுதியில் பாஜகவின் சி.பி. ராதாகிருஷ்ணன் 1998இல் அதிமுக துணையுடனும், 1999இல் திமுக துணையுடனும் வென்றார். 2024இல் அதிமுகவும் பாஜகவும் தனித்தனியே நின்றன. திமுகவின் கணபதி ராஜ்குமார் சுமார் 5.68 லட்சம் வாக்குகளுடன் வென்றார், பாஜகவின் அண்ணாமலைக்கு 4.5 லட்சம், அதிமுகவுக்கு 2.36 லட்சம். கடைசி இரண்டையும் அப்படியே கூட்டிவிட முடியாது. பாஜகவோடு சேர்ந்தால் அதிமுகவுக்குப் போடாதவர்களும் அதில் உண்டு. ஆனாலும் 2025 ஏப்ரலில் இரு கட்சிகளும் மறுபடி கைகோத்தன.

அப்படியானால் எதை விட்டுக்கொடுக்கலாம்? இதற்கு நல்ல பாடம் அண்ணாவின் திமுக. 1962இல் 50 இடங்கள் பெற்ற அந்தக் கட்சி, சீனப் போருக்கும் பிரிவினைத் தடைச் சட்டத்திருத்தத்துக்கும் பின், 1963இல் திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டது. அது வெளிப்படையாக, அடுத்த தேர்தலுக்கு மூன்று ஆண்டுகளுக்கும் மேல் முன்பே எடுத்த முடிவு. அதனால்தான் அதை நேர்மையான நகர்வு என்று சொல்லலாம். ஓட்டுக்காக ஒன்றைப் பேசி, வென்றபின் வேறொன்றைச் செய்வது வாக்காளரை ஏமாற்றுவது. 1967இல் வலப்பக்கம் ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் இடப்பக்கம் மார்க்சிஸ்டுகளும் திமுகவின் ஒரே அணியில் சேர்ந்தார்கள். திமுக தனிப்பெரும்பான்மை பெற்றது.

மொழிக் கொள்கையில் மட்டும் கட்சி நகரவில்லை. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம் தொண்டர்களின் நெஞ்சில் இருந்தது. அந்தக் கொள்கையைத் தளர்த்தியிருந்தால் அவர்களே விலகியிருப்பார்கள். ஆட்சிக்கு வந்ததும் சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு கிடைத்தது. 1968 ஜனவரியில் இருமொழிக் கொள்கைத் தீர்மானமும் நிறைவேறியது.