தையல் போட்ட இறக்கை

விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மை கை தவறிக் கீழே விழுந்தால் அதோடு சரி. துணி கிழிந்தாலோ, ஊசியும் நூலும் இருக்கவே இருக்கின்றன! ‘டைகர் மாத்’ என்ற ஆகாய விமானம் இந்த இரண்டாவது ரகம்.

1931-ல் பிரிட்டனில் முதன்முதலாகப் பறந்த இதற்கு மேலும் கீழுமாக இரண்டடுக்கு இறக்கைகள். மரச் சட்டத்தின் மேல் துணியை இழுத்துத் தைத்து, அது விறைப்பாக நிற்க ஒருவித வார்னிஷைப் பூசுவார்கள். பிரேக் கிடையாது. ஒருவர் எதிரே நின்று விசிறியைக் கையால் சுழற்றிவிட வேண்டும். அப்போதுதான் எஞ்சின் கிளம்பும்.

இரண்டாவது உலக யுத்தத்தின்போது ஹைதராபாத் பேகம்பேட்டையிலும் ஜோத்பூரிலும் நம் நாட்டுப் பிள்ளைகள் பறக்கப் பழகியது இதில்தான். ஆசிரியர் முன் ஆசனத்தில், பையன் பின் ஆசனத்தில். அவர் திட்டுவதெல்லாம் ஒரு குழாய் வழியாக இவன் காதுக்கு வந்து சேரும். ஆபத்தில் ஆசிரியர் பாராசூட்டுடன் வெளியே குதிக்க வழி வேண்டுமே என்று, மேல் இறக்கையைச் சற்று முன்னே தள்ளி அமைத்திருந்தார்கள்.

திடீரென்று ஒரு நாள் ஆசிரியர் இறங்கிக்கொள்வார். முன் ஆசனம் காலி. பையன் தன்னந்தனியே கிளம்ப வேண்டும். ஊரிலிருந்த தாயாருக்கு அது எந்த நாள் என்று தெரியாமல் இருந்ததே நல்லது!

அப்படிப்பட்ட பழைய விமானம் ஒன்றைப் பிரிட்டனில் செப்பனிட்டு, நம் விமானப் படை மறுபடியும் பறக்கவிட்டது. எண் எச்.யு.512. 2012 அக்டோபரில், டில்லிக்கு அருகே ஹிண்டனில் நடந்த விமானப் படை தின விழாவில் ஜெட் விமானங்களோடு இந்தத் துணி விமானமும் பறந்தது. முழு மூச்சாகப் பறந்தாலும் மணிக்குச் சுமார் 175 கிலோமீட்டர்தான்!